சிவப்பு உடுப்பில் கேலன்

சனிக்கிழமை மதிய வெயில், பாதி காலியான இருக்கைகளில் கண்கூசப் பளபளக்கிறது. முப்பது வருடமாக இந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகத் தொண்டை வற்றக் கத்திய டுவைட், எதிர்ப்பக்கத்தையே வெறிக்கிறார். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தின் சிவப்புக் கூட்டம் நிரம்பி வழிந்து, மேளம் அதிர ஆடுகிறது. போன வருடம்வரை இங்கே ஆடிய கேலன், இன்று அந்தச் சிவப்பு உடுப்பில் பந்தை வீசுகிறான். “நம்ம நிர்வாகத்துக்கு நூலகம் கட்டத்தான் தெரியும். இருக்கிற பையனைத் தக்கவச்சுக்கத் தெரியாது!” என்று பல்லைக் கடிக்கிறார். “விடு டுவைட், அவன் அங்க சந்தோஷமாத்தானே இருக்கான்?” என்கிறாள் மனைவி மார்லீன். “அதுதாண்டி வயித்தெரிச்சலே!” பந்து வளைந்து இறங்க, கோல் கோட்டுக்கு அப்பால் சிவப்பு அணிக்காரன் ஒருவன் ஏந்திக்கொள்கிறான்; ஆறு புள்ளிகள். சிவப்புப் பக்கம் வெடிக்கிறது. கேலன் ஹெல்மெட்டைக் கழற்றி, பழைய பழக்கத்தில் இந்தப் பக்கம் திரும்பிக் கையை உயர்த்துகிறான். டுவைட்டின் கை தானாகப் பாதி எழுந்துவிடுகிறது. மார்லீன் பார்ப்பதற்குள் அதை ஜாக்கெட் பைக்குள் திணித்துக்கொள்கிறார்.