உடைந்த விளக்கில் சந்தனம்

சின்னமனூரில் ஏலக்காய் வியாபாரி நல்லகண்ணுவின் மோட்டார்க் கொட்டகைக்குள் காலை வெயில் சாய்வாக விழுகிறது. மேகமலைப் பாதையில் முந்தாநாள் பாறையில் மோதிய காரின் இடப்பக்கம் நசுங்கிக் கிடக்கிறது. வலப்பக்க விளக்கின் கண்ணாடியோ சித்திரையிலேயே உடைந்துபோனது. அதற்கும் சேர்த்து நஷ்டஈடு கேட்கிறார் அவர். மதுரையிலிருந்து வந்திருக்கும் இன்சூரன்ஸ் அதிகாரி குனிந்து பார்க்கிறார். டிரைவர் கருத்தக்கண்ணன் பின்னால் ஒதுங்கி நிற்கிறான். கண்ணாடி இருந்திருந்தால் விரல் நுழைய முடியாத அந்த விளக்கின் உட்புறத்தில், போன வாரம் ஆயுதபூசைக்கு அவன் இட்ட சந்தனப்பொட்டு காய்ந்து வெடித்திருக்கிறது. “இந்தப் பொட்டு எப்போது வைத்தது?” என்று அதிகாரி மெல்லக் கேட்கிறார். “மோதுன பெறகுதாங்க. அடிபட்ட வண்டிக்குத் திருஷ்டி கழிக்காம விடலாமா?” என்று சிரிக்கிறார் நல்லகண்ணு. “அடிபட்ட பக்கத்தை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துக்கு மட்டுமா கழித்தீர்கள்?” நல்லகண்ணு சிரிப்பை நிறுத்திவிட்டு டிரைவர் பக்கம் திரும்புகிறார். “ஏலே, அய்யாகிட்ட நீயே சொல்லுலே” என்கிற குரலில் வேலையைப் பறிக்கும் மிரட்டல் இருக்கிறது. கருத்தக்கண்ணன் கைகட்டியபடி, “மொதலாளி மறந்துட்டாக. ஆயுதபூசைக்கு நாந்தான் வச்சேன். அப்பவே இங்கன கண்ணாடி இல்லீங்க” என்கிறான். வெளியே ஒரு மாட்டுவண்டி மணியோசையுடன் கடந்து போகிறது. அவன் மடியிலிருந்து கார்ச்சாவியை எடுத்து, யாரும் கேட்பதற்கு முன்பே பானெட்டின் மீது வைக்கிறான்.