இடப்பக்கத்து பிரேக்

பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தரகர் அந்த அமெரிக்க பிக்கப்பை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தார். வெளிநாட்டுக்கென்று தொழிற்சாலையே வலப்பக்க ஸ்டியரிங்கோடு செய்தனுப்பிய சொற்ப வண்டிகளில் இது ஒன்று என்றால் அவருக்கு யோகம். அமெரிக்க வழக்கப்படி இடப்பக்கம் இருந்ததைப் பிற்பாடு எவனோ மாற்றிப் பொருத்தியது என்றால் வெறும் இரும்பு. போன தடவை அப்படித்தான் ஏமாந்து, இன்றுவரை மச்சானின் கேலிக்குத் தீனியாகிக்கொண்டிருந்தார்.

இடப்பக்கம் கால் வைக்கும் தகட்டில் பெடல் இருந்த ஓட்டையும் இல்லை, அடைத்த தழும்பும் இல்லை. அசல்! முகத்தில் மட்டும் சலிப்பைக் காட்டினார்.

"சுமாரா இருக்கு. ஒரு ரவுண்டு போவோமா?"

வண்டிக்குச் சொந்தக்காரியான செடி வியாபாரி ஓட்ட, இவர் இடப்பக்கம் உட்கார்ந்தார். இறக்கத்தில் வளைவு நெருங்கியது. அவள் கால் தரையில் சும்மா கிடந்தது. வண்டி பதமாக வேகம் குறைந்து திரும்பியது.

"பிரேக்கே போடலையேம்மா?"

"இந்த இறக்கத்துல நான் போடுறதில்லண்ணே. உங்க பக்கத்துல இருந்து விழும்."

"என் பக்கம் பெடலே இல்லையே!"

"அதத்தான் குனிஞ்சு குனிஞ்சு பாத்தீங்களே. காலைக் கொஞ்சம் தள்ளி வைங்க, அவருக்கு இடம் வேணும்."

தரகரின் இரண்டு ஷூக்களுக்கும் நடுவே ரப்பர் விரிப்பு ஒரு பாத அகலத்துக்கு அமுங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மேலெழுந்தது.

முகத்துச் சலிப்பு நாடகத்தை அவர் அங்கேயே விட்டார்.

"வண்டி எனக்குத்தான். வேற யாருக்கும் வாக்கு குடுத்துடாதீங்க."

அடுத்த வளைவு தெரிந்ததும் முழங்கால்களைத் தாமே கதவோரமாக ஒதுக்கிக்கொண்டு சௌகரியமாகச் சாய்ந்தார்.