பழைய டிடெக்டரே போதும்

கேரவனுக்கு முன்னால் நாலு நாற்காலி. கதவை ஒட்டிப் போட்டிருந்ததில் அண்ணன் மெர்வ் பாஸ்கோ, மடியில் துப்பாக்கி. எதிரே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தம்பி லைல், மூக்கில் வழிந்த ரத்தத்தைச் சட்டைக் கையால் துடைத்தபடி. இருவருக்கும் நடுவில், கல்கூர்லி நகரத்திலிருந்து புது மெட்டல் டிடெக்டரோடு வந்த கடை விற்பனையாளர் டல்லி.

நாலாவது நாற்காலியில் நாய் படுத்திருந்தது. அது கூட்டாளி டாரலின் இடம். சுரங்க வேலையை விட்டுவிட்டு இவர்களோடு தங்கம் தேட வந்தவன். குளிர்காலத்தில் பெர்த்துக்குப் போனான், திரும்பவில்லை.

லைலின் மூக்கை உடைத்தது மெர்வ்தான். டல்லி பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அண்ணன் தம்பிக்குள் மூண்டுவிட்டது.

"நம்ம மெஷினை வெச்சு ஓடைப்பக்கம் பூரா ஓட்டிப் பார்த்தாச்சு. சத்தமே இல்ல. அப்புறம் என்னத்துக்குடா புதுசு?" என்றான் மெர்வ்.

"நம்மளது மெஷினாண்ணே? தகர டப்பா! வூகிச் இதே புதுசை வாங்கிட்டான். திங்கக்கிழமையோட இந்த இடத்து மேல நம்ம உரிமை முடியுது. மறுநாளே வந்து முளை அடிச்சு இடத்தைப் பிடிச்சுடுவான். கீழ கிடக்கிறது அவன் கைக்குத்தான் போகும்."

வூகிச் அடுத்த இடத்துக்காரன். போன வாரம் எல்லைத் தகராறில் அவன் சுட்ட குண்டு தண்ணீர்த் தொட்டியைத் துளைத்திருந்தது. பதிலுக்கு மெர்வ் கடப்பாரையை வீசியதில் அவனுக்கு விலா எலும்பு போயிற்று.

"வந்தா வரட்டும். இன்னொரு பக்கத்து விலாவும் இருக்குல்ல?"

"வாய் மட்டும் பேசு. அன்னைக்கே இன்னும் ஆழமாத் தோண்டலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நீதான் இடுப்பு விட்டுப் போச்சுன்னு பாதியில நிறுத்தின. சோம்பேறி!"

மெர்வ் எழுந்த வேகத்தில் துப்பாக்கிக் கட்டை லைலின் தோளில் இறங்கியது. லைல் சுருண்டு விழுந்தான். விழுந்த இடத்திலேயே மண்வெட்டியை எடுத்து வீசினான். மெர்வ் குனிந்துகொண்டான். நாய் துள்ளி ஓட, டாரலின் நாற்காலி இரண்டாய்ப் பிளந்தது.

டல்லி டிடெக்டரை மார்போடு அணைத்துக்கொண்டு கேரவனோடு ஒட்டி நின்றார். மெஷின் விற்கப் போன கூடாரங்களில் புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் பார்த்தவர். ஆனால் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"அடிச்சுக்காதீங்க சார்! நான் சொல்றதைக் கேளுங்க. பழைய மெஷின் சத்தம் போடலைன்னா கீழ ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமா? அதுக்கு அவ்வளவு ஆழம் எட்டலைன்னு அர்த்தம். எந்த இடம்னு காட்டுங்க, நானே ஓட்டிக் காட்டறேன். சத்தம் வரலையா, வாங்கவே வேணாம்."

லைல் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அதெல்லாம் வேணாம்ணே. அவரை அனுப்பிடு."

"இவ்வளவு நேரம் வாங்கணும்னு குதிச்சது யாரு?" மெர்வ் ஓடைப்பக்கம் திரும்பிப் பார்த்தான். "ஓட்டட்டும்டா. தெரிஞ்சுக்கிறது நல்லது."

வறண்ட ஓடைக்கரையில் டல்லி கைக்கடிகாரத்தையும் பெல்ட்டையும் கழற்றி ஒரு கல்லின் மேல் வைத்தார். மெஷினின் வட்டத் தட்டை மண்ணுக்கு மேல் இடமும் வலமுமாக மெதுவாக வீசிக்கொண்டே நடந்தார். லைல் கிட்டே வந்ததும் மெஷின் கீச்சிட்டது.

"தம்பி, தள்ளி நில்லுங்க. பூட்ஸ்ல இருக்கிற ஆணியைக்கூட விடாது இது" என்று பெருமையாகச் சிரித்தார்.

சாய்ந்து நின்ற முள்மரத்தடிக்கு வந்தபோது மெஷின் அலறியது. டல்லி திரும்பவும் வீசினார். மறுபடி அலறல். வேர்வையைத் துடைக்கக்கூட மறந்து மண்டியிட்டார்.

"இங்கதான் சார்! ஒண்ணு இல்ல, ரெண்டு! பக்கத்துல பக்கத்துல, ஒரு சாண் இடைவெளியில. எப்படியும் இடுப்பளவு ஆழம். தங்கக் கட்டியா மட்டும் இருந்தா உங்க தலையெழுத்தே மாறிடும்!"

"வூகிச் மெஷினும் இதைப் பிடிச்சுடுமா?" என்று கேட்டான் மெர்வ்.

"பிடிக்காம? அதுவும் இதுவும் ஒரே ஜாதி. அதான் சொல்றேன், இன்னைக்கே தோண்டிடுங்க. மண்வெட்டி எங்க?"

லைல் அண்ணனைப் பார்த்தான். மெர்வ் தலையை ஆட்டினான். லைல் மண்வெட்டியோடு டல்லியின் பின்னால் வந்து நின்றான்.

மறுநாள் தபால் வண்டி வந்தபோது மெர்வ் கடைக்கு எழுதிய கடிதத்தை ஒருமுறை வாசித்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

'ஐயா, தங்கள் ஆள் திரு. டல்லி நேரில் வந்து மெஷினை ஓட்டிக் காட்டினார். சொன்னது சொன்னபடி வேலை செய்கிறது. அவரும் மாலையே கிளம்பிவிட்டார். யோசித்துப் பார்த்ததில், எங்களுக்குப் பழைய டிடெக்டரே போதும்.'

உறையை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டினான். தபால்தலையைக் கட்டைவிரலால் அழுத்தி, வண்டிக்காரரிடம் நீட்டினான்.

"என்னப்பா, புதுசு வாங்கலையா? திங்கக்கிழமை முடிஞ்சதும் வூகிச் இங்க வந்து அள்ளப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறானே!"

"அள்ளட்டும். அவனுக்கு ஒண்ணும் கிடைக்காது."

வண்டி சிவப்புப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்திருந்துவிட்டு, உள்ளங்கைக் கொப்புளங்களுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்த லைலிடம் மெர்வ் கேட்டான்:

"இந்தத் தடவை ரெண்டு பேர் பூட்ஸையும் கழட்டிட்டேல்ல?"