பச்சைப் பூ யூபோர்பியா

காலையில் பல் துலக்கினேன், குப்பையை வெளியே வைத்தேன், கூரியரில் வந்திருந்த பார்சலைப் பிரித்தேன். இறந்துபோன என் மனைவி நிறைமதி ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே ஆர்டர் செய்த முள்செடி. எங்கும் கிடைக்காத பச்சைப் பூ யூபோர்பியா, ஒரு கள்ளி வகை. ஈரத்தாளுக்குள் பாதித் தண்டு கூழாகி, செத்த எலிபோல நாறியது. அழுகலை வெட்டினேன். மிச்சத் தண்டின் வெள்ளைப்பால் விரல்களில் வடிந்து பிசுபிசுத்தது. அப்போது போனில் அவள் அம்மா, வழக்கம்போல.

“கடைசியா என்னைத் தேடுனாளா, மாப்ள?”

“தேடுனா, அத்தை.”

அந்தப் பொய் அழுகலைவிட அருவருப்பாக இருந்தது. போனை வைத்ததும் கண்ணைத் துடைக்கக் கை உயர்ந்தது. பாதியில் நிறுத்தினேன். நிறைமதி கடைசியாகச் சொன்னது இதுதான்: “செடி வந்தா பாத்துப் பிரிங்க. கையக் கழுவாம கண்ணத் தொட்றாதீங்க.”