அவசரத்தில் வெட்டிய பூ

"எதைக் கொன்னு இதுக்குள்ள அடைச்சு வெச்சிருக்க?" என்று வாவ்ரா மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கண்ணாடிச் சாடியின் மூடியைத் திறந்ததுமே அறை முழுக்க நெடி ஏறிவிட்டது. செத்த எலியையும் பூனை மூத்திரத்தையும் சேர்த்து ஊறவைத்த மாதிரி ஒரு நெடி. ராதிம் மனைவியைப் பார்த்தான்.

லுத்மிலா சாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பன்றிக் கொழுப்பு உருகித் தயாராக இருந்தது. கஞ்சாப் பூவை அதில் போட்டுக் காய்ச்சி வடிகட்டவேண்டியதுதான் பாக்கி. முடக்குவாதத்தில் கோணிப்போன அவள் விரல்கள் அந்தக் களிம்புக்கு மட்டும்தான் கொஞ்சம் மசியும்.

களிம்பு இல்லாமல் கழிந்த போன குளிர்காலத்தை அவள் மறக்கவில்லை. தோட்டத்துச் செடிகள் முற்றி அறுக்கிற பருவத்தில் நின்றபோது யாரோ அடியோடு வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு பூகூட வீடு வந்து சேரவில்லை. மோட்டார் சைக்கிளில் சுற்றுகிற டவுன் பையன்கள்தான் என்று தோட்டக் குடியிருப்பே பேசிக்கொண்டது.

அந்தக் குளிர் முழுக்க ராதிம்தான் அவளுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான், தலை வாரினான். கழிப்பறைக்குள்ளிருந்தும் அவனைக் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது நினைத்தாலும் அவளுக்குத் தன் கைகள் மேலேயே வெறுப்பு வரும்.

வாவ்ராவைக் கூப்பிட்டால் பூவைக் காப்பாற்ற வழி சொல்வார் என்று ராதிம் நம்பினான். தக்காளிப் பாத்திக்குப் பின்னால் இரண்டு செடி வைத்திருக்கிற எல்லோருமே சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போவார்கள். முதுகுவலி வந்தபிறகு அவர் செடி வைப்பதை விட்டுவிட்டார். புத்தி சொல்வதை மட்டும் விடவில்லை.

அவர் சாடியைப் பழைய செய்தித்தாள் மேல் கவிழ்த்துத் தட்டினார். பூக்கள் கட்டியாக, சாம்பல் நிறத்தில் கம்பளி போர்த்தியதுபோல் விழுந்தன. ஒன்றைப் பிய்த்ததும் உள்ளே கறுப்பாகச் சளிபோல் நூல் விட்டது. அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளைப் புழு தலையைத் தூக்கிப் பார்த்தது.

பூஞ்சணம் ஏறாத ஓரத்தை வாவ்ரா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "பாரு, பூ மேல இருக்கிற பிசின் முத்தெல்லாம் இன்னும் தண்ணி மாதிரி தெளிவா இருக்கு. பால் மாதிரி மங்கணும்யா. அங்கங்க தேன் நிறம் தட்டினப்புறம்தான் கத்தியத் தொடணும். நீ பச்சப்புள்ளைய அறுத்திருக்க."

எங்கே காயவைத்தாய் என்று கேட்டார். ராதிம் தயங்கித் தயங்கிச் சொன்னான். காளானைக் கோத்துக் கட்டுவதுபோல நூலில் கோத்து, அடுப்புக்கு மேலே கட்டியிருக்கிறான். தொட்டால் மொறுமொறுவென்று இருந்ததும் எடுத்துச் சாடியில் போட்டு இறுக மூடிவிட்டான்.

"சூப்புல போடுற காளானும் இதுவும் ஒண்ணாய்யா? மேல் தோல்தான் காய்ஞ்சிருக்கும், உள்ள ஈரம் அப்படியே நின்னிருக்கும். வெளிச்சம் படாத இடத்துல தலைகீழாத் தொங்கவிட்டு, மெதுவாக் காயவிடணும். காம்பை வளைச்சா வளையக் கூடாது, டக்குனு ஒடியணும்."

சொல்லிக்கொண்டே, லுத்மிலா பாடுபட்டுத் தேய்த்து விரித்திருந்த மேஜை விரிப்பில் விரலைத் துடைத்தார். அதே விரல்களால் தட்டிலிருந்து ஒரு பிளம் பன்னை எடுத்தார். மாவின் மேல் சாம்பல் தூசி ஒட்டியிருந்ததைக் கவனிக்காமலே கடித்து மென்றார்.

அழுகாததை மட்டும் பொறுக்கிக் கொழுப்பில் போடலாமா என்று அவள் மெல்லக் கேட்டாள்.

வாய் நிறைய பன்னோடு அவர் தலையை ஆட்டி மறுத்தார். இந்தக் கண்றாவியைத் தோலில் தடவினால் வெந்துபோகும், கோழிக்குக்கூடப் போடாமல் குழி தோண்டிப் புதை என்றார். லுத்மிலா அடுப்பை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் கொழுப்பின் மேலே வெள்ளையாக ஆடை படர ஆரம்பித்தது. இந்தக் குளிர்காலமும் போயிற்று.

"எனக்குத் தெரியாம இல்லீங்க" என்றான் ராதிம். "இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா முத்தியிருக்கும். இந்தத் தடவையும் விடிஞ்சு பார்த்தா வெறும் கட்டைதான் நிக்குமோன்னு பயந்துட்டேன். அதான் அவசரப்பட்டு வெட்டிட்டேன். கைக்கு வந்ததைச் சீக்கிரம் சாடியில பூட்டிடணும்னு அடுப்பு மேல கட்டினேன்."

"பயப்படுறவன் எதுக்குய்யா வளர்க்கணும்?"

வாவ்ரா இரண்டாவது பன்னை எடுத்தார். செய்தித்தாளில் கிடந்த கறுப்புக் கூழைப் பார்த்து உச்சுக்கொட்டினார். அவர் முகத்தில் இருந்த வருத்தம் பொய்யில்லை. சொந்தப் பொருள் கெட்டுப்போன மாதிரிதான் இருந்தது.

"இதுவும் உன் செடிதானா? போன வருஷத்து உன் பூ ஈஸ்டர் வரைக்கும் சாடியில வாசம் போகாம இருந்துச்சே."