காற்றுத் துளை

"உன் மூக்கு செத்துப் போச்சா? உள்ளே காலை வைக்க முடியல. நாளைக்குக் காலைல விருந்தாளிங்க ஏறப் போறாங்க!"

படகின் கழிப்பறை வாசலில் நின்று முதலாளி கத்தினார். கைக்குட்டை மூக்கை விட்டு இறங்கவே இல்லை.

"தினம் மூணு வேளை தேய்ச்சுக் கழுவறேன், முதலாளி" என்றார் துப்புரவு அக்கா. ஆறு வருஷமாக அந்தப் படகுதான் அவருக்குச் சோறு.

"நீ கழுவற லட்சணம்தான் கரை வரைக்கும் மணக்குதே!"

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. எலுமிச்சை வாசனை வில்லைகளை ஏழு இடத்தில் தொங்கவிட்டிருந்தார். பாவம், எலுமிச்சையும் சேர்ந்து நாறியது.

மெக்கானிக் வந்தார். வெந்நீரில் நனைத்த துணியைக் கழிவுக் குழாயில் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து முகர்ந்து பார்த்தார். முதலாளிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"குழாய் நல்லா இருக்கு சார். கெட்டிருந்தா துணியில நாத்தம் ஏறியிருக்கும். இந்தம்மா கழுவினதுலயும் குறை இல்ல. கோளாறு கழிவுத் தொட்டியில."

இருவரையும் மேல்தளத்துக்குக் கூட்டிப் போய், ஓரத்துக் கைப்பிடிக் கம்பிக்குக் கீழே காட்டினார்.

"தொட்டிக்குக் காத்து போற துளை இது. யாரோ பசை வெச்சு அடைச்சிருக்காங்க. காத்தில்லாம உள்ளேயே அழுகி, நாத்தம் கழிப்பறை வழியா வருது."

"யாரோ என்ன யாரோ? இவதான்!" முதலாளி குதித்தார். "செய்யறதையும் செஞ்சுட்டு முழிக்கறதைப் பாரு! நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

"மேல்தளத்துல கால் வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே முதலாளி சொன்னீங்க? இன்னிக்குத்தான் முதல் தடவையா ஏறறேன்..."

"எதிர்த்து வேற பேசறியா? போ, போ!"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். மெக்கானிக் பசையை விரலால் நெம்பி எடுத்தார்.

"தொட்டியைக் காலி பண்ணி அலசிடறேன் சார். காலைக்குள்ள அடங்கிடும்."

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். அருகில் வந்தார். குரல் தேனாகிவிட்டது.

"தம்பி, விருந்தாளிங்க இறங்கினதும் வந்து, அந்தத் துளையை நீங்களே நல்லா அடைச்சுக் குடுத்துடுங்க. சாயங்காலம் இங்க நாற்காலி போட்டு உக்கார்ந்தா நாத்தம் நேரா என் மூஞ்சிலதான் அடிக்குது. நான் அடைச்சது பாருங்க, நீங்க தொட்டதும் கையோட வந்துடுச்சு!"