இது வரைதான்

மலைச்சரிவில் பாறை தொடங்கும் இடத்தில் புதிதாக நட்டிருந்த இரும்புப் பலகை, குட்டியோடு ஓடிவந்த வரையாட்டை அதட்டியது. "நில்லு. ஆடுகளுக்கு இது வரைதான் அனுமதி. எழுதியிருக்கு பார்."

பின்னால் புல்வெளியில் செந்நாய்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. மூச்சு வாங்கினாலும் வரையாடு நின்று கேட்டது. "வரைன்னா என்ன?"

"எல்லை. தாண்டக் கூடாது."

"நேத்து முளைச்ச உனக்கு அது எல்லை. எங்களுக்கு வரைன்னா செங்குத்துப் பாறை. என் பேரிலேயே இருக்கு. நீ முடியுதுங்கிற இடத்துலதான் என் வீடு ஆரம்பிக்குது."

குட்டியை முன்னால் விட்டு, குளம்பு பதிய இடமே இல்லாத பாறையில் அது ஏறிப் போனது.

செந்நாய்கள் வந்து நின்றன.

"இது வரைதான்," என்றது பலகை.

"அதான் தெரியுதே," என்றது முன்னால் வந்த நாய், பாறையை அண்ணாந்து பார்த்தபடி.